ரெசர்பினும் அசைவின்மையின் மூன்று பெயர்களும்: மூளை வேதியியலுக்கும் விலங்கு நடத்தைக்கும் இடையிலான உறவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மருந்து மூளையின் வேதிப்பொருள்களை மாற்றுகிறது. அம்மருந்தை ஏற்ற விலங்கின் நடத்தையும் மாறுகிறது. இவ்விரு மாற்றங்களுக்கும் இடையிலான உறவு எவ்வாறு நிறுவப்பட்டது என்பதைச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பினின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ரெசர்பின் தரப்பட்ட விலங்கு அசையாமல் இருந்தது. அந்த ஒரே அசைவின்மை 1950களின் தொடக்கத்தில் அமைதி என்றும், 1957க்குப் பின் இயக்கக் குறை என்றும், 1960களில் மனச்சோர்வு என்றும் பெயர் பெற்றது. வேதிய அளவீடு துல்லியமடைந்தபோதும் பெயரிடும் பொறுப்பு ஆய்வாளரிடமே இருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விலங்குச் சோதனைகளின் இடத்தைக் கணினிப் பாவனைகள் பெற்றுவரும் இக்காலத்தில், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் நிறுவனத்தின் மருந்தியல் கல்வியை முன்வைத்து இவ்வரலாற்றின் இன்றைய பொருத்தமும் விவாதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சர்ப்பகந்தி, ரெசர்பின், பூனைக்காலி, எல்-டோப்பா, டோபமின், விலங்கு நடத்தை, மருந்தியல் வரலாறு, கோரிமேடு, ஜிப்மர்.

முன்னுரை

புதுச்சேரி நகரிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் பகுதி கோரிமேடு. ஜவகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஜிப்மர், இங்குதான் உள்ளது. 1823இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத் தன் தோற்றுவாயாக இந்நிறுவனம் கொள்கிறது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. 1956இல் மருத்துவப் பள்ளியை இந்திய அரசு ஏற்று, தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எனப் பெயரிட்டது. 1964 ஜூலை 13 முதல் அது ஜிப்மர் ஆயிற்று. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய ஆட்சிக்கு மாறிய அதே ஆண்டுகளில் மருத்துவ உலகில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. மனநோய்க்கு மருந்து உண்டு என்னும் எண்ணம் 1952க்கும் 1957க்கும் இடையில் வேரூன்றியது. அதற்குக் காரணமான இரு மருந்துகளுள் ஒன்று பிரான்சில் செயற்கையாகத் தொகுக்கப்பட்ட குளோர்புரோமசின். மற்றொன்று இந்திய மூலிகையான சர்ப்பகந்தியிலிருந்து பெறப்பட்ட ரெசர்பின். பிரெஞ்சு மரபும் இந்திய மரபும் சந்திக்கும் கோரிமேட்டின் மருத்துவக் கல்விக்கு இவ்விரு மருந்துகளும் பொதுவான பாடப்பொருள்கள்.

இவ்வரலாற்றை மருந்துகளின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். அதில் விலங்குகளுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் இமை தாழ்ந்து, முதுகு கூனி, அசையாமல் அமர்ந்திருந்த முயலையும் எலியையும் பார்த்த ஆய்வாளர்கள் அந்நிலையை எந்தச் சொல்லால் குறித்தனர், ஏன் அச்சொல் மாறியது என்பதே இக்கட்டுரையின் வினா.

நோயாளியிடமிருந்து விலங்குக்கு

சர்ப்பகந்தியின் தாவரவியல் பெயர் ராவுல்ஃபியா செர்பென்டினா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் புளூமியே, ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லியோன்ஹார்ட் ராவ்வோல்ஃப் நினைவாக 1703இல் இப்பேரினப் பெயரை அமைத்தார். ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட இவ்வேர், பீகார்ப் பகுதியில் ‘பாகல் கி தவா’, அதாவது பித்துப் பிடித்தவர்களுக்கான மருந்து என்னும் பெயரிலேயே விற்கப்பட்டது.

நவீன மருத்துவ இதழியலுக்குள் இவ்வேரைக் கொண்டுவந்தவர்கள் கல்கத்தாவைச் சேர்ந்த ஆயுர்வேத அறிஞர் கணநாத சென்னும் மருத்துவர் கார்த்திக் சந்திர போசும் ஆவர். 1931இல் வெளியான அவர்களது கட்டுரை, பித்து நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய புதிய இந்திய மருந்தாக இதனை முன்வைத்தது. அதே ஆண்டில் தில்லி ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரஃபத் உசேன் சித்திகியும் வேரிலிருந்து சில காரப்போலிகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். 1933இல் ராம்நாத் சோப்ராவும் உடன் ஆய்வாளர்களும் விலங்குகளில் இவ்வேரின் மருந்தியல் விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இங்கு அறிவு நகர்ந்த திசை கருதத்தக்கது. இன்றைய மருந்துக் கண்டுபிடிப்பில் விலங்குச் சோதனை முதலிலும் மனிதப் பயன்பாடு பின்னரும் வருகின்றன. சர்ப்பகந்தியின் வரலாற்றில் நோயாளியே முதலில் வந்தார். மனிதரில் கண்ட விளைவுக்குச் சான்று தேடியே ஆய்வாளர்கள் விலங்கை நாடினர். ஆகவே விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே, அதில் எதைக் காணவேண்டும் என்ற எதிர்பார்ப்பு உருவாகியிருந்தது.

சென்னும் போசும் குறித்த இரு பயன்களும் விரைவில் தனித்தனி வழிகளில் பிரிந்தன. பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, 50 உயர் இரத்த அழுத்த நோயாளிகளில் இவ்வேரின் பயனைக் காட்டியது. இரத்த அழுத்தத்தைக் குறைக்க விரும்பிய மருத்துவருக்கு நோயாளியின் மந்தநிலை ஒரு பக்கவிளைவு. மனநோயைத் தணிக்க விரும்பியவருக்கு அதுவே விளைவு. ஒரே மாற்றம், கேட்கப்படும் வினாவுக்கு ஏற்ப, மருந்தின் குறையாகவும் குணமாகவும் எண்ணப்படலாம் என்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டது.

முதற்பெயர்: அமைதி

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் 1952இல் வேரின் முதன்மைச் செயற்பொருளைப் பிரித்து அதற்கு ரெசர்பின் எனப் பெயரிட்டனர். தாமதமாகத் தொடங்கி நீண்ட நேரம் நீடிக்கும் இரத்த அழுத்தக் குறைவும் ஒருவகைத் தணிவும் இதன் இயல்புகளாக விலங்குகளில் அறியப்பட்டன. முரட்டுத்தனம் மிகுந்த ரீசஸ் குரங்குகள் இம்மருந்தின் பின் கையாள எளிதாயின. அவை உறங்கவில்லை, தூண்டினால் விழித்தன, ஆயினும் சீறவில்லை, தாக்கவில்லை. பார்பிச்சுரேட் வகைத் தூக்கமருந்துகள் தரும் மயக்கத்திலிருந்து இந்நிலை வேறுபட்டிருந்ததால் புதிய சொல் தேவைப்பட்டது. சிபா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்த யாங்க்மன் 1953இல் அமைதியூட்டும் தன்மை என்னும் பொருள்பட இதனை விவரித்தார். அமைதியூட்டி என்னும் மருந்து வகைப்பெயர் இவ்வாறு புழக்கத்துக்கு வந்தது. 1954இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவர் நாதன் கிளைன் மனநோயாளிகளில் சர்ப்பகந்தியின் பயனை வெளியிட்டபோது, குரங்கிடம் கண்ட அமைதியும் நோயாளியிடம் கண்ட அமைதியும் ஒன்றாகவே எண்ணப்பட்டன.

இதே காலத்தில் பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் இணையான முயற்சி நடந்தது. 1950 இறுதியில் போல் சார்பாந்தியே குளோர்புரோமசினைத் தொகுத்தார். அதன் விலங்குச் சோதனைகளை நடத்தியவர் சிமோன் கூர்வுவாசியே. மணி ஒலித்ததும் கயிற்றில் ஏறினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்று எலிகள் பழக்கப்படுத்தப்பட்டன. குளோர்புரோமசின் பெற்ற எலி மணியொலியைக் கேட்டும் ஏறவில்லை. ஆனால் மின்னதிர்ச்சி தரப்பட்டபோது ஏறியது. தசைகள் செயலிழக்கவில்லை என்பதை இது காட்டியது. 1952இல் பாரிசின் சாந்த் ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேரும் இம்மருந்தை மனநோயாளிகளுக்கு வழங்கி முடிவுகளை வெளியிட்டனர். கயிற்றுச் சோதனையின் வழிவந்ததே, அமெரிக்காவில் குக்கும் வைட்லியும் 1957இல் விவரித்த கம்பமேறும் சோதனை. இந்திய மருந்தியல் ஆய்வுக்கூடங்களில் ‘குக் கம்பமேறும் கருவி’ என வழங்குவது இதுவே.

மணியொலிக்கு எலி ஏறாததற்குக் காரணம் அச்சம் நீங்கியதா, ஒலியின் பொருள் மறந்ததா, அல்லது செயலைத் தொடங்கும் ஆற்றல் குறைந்ததா? சோதனை இம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டாது. அது தருவது ஏறிய எலிகளின் எண்ணிக்கையும் ஏறுவதற்கு ஆன நேரமும் மட்டுமே. அச்சம் தணிந்தது என்ற சொல் எண்களுக்கு வெளியிலிருந்து வந்தது.

வேதிய அளவீடும் தொடர்பு என்னும் சிக்கலும்

1953இல் பெட்டி டுவாரோகும் இர்வின் பேஜும் பாலூட்டிகளின் மூளையில் செரட்டோனின் இருப்பதைக் காட்டினர். எடின்பரோவில் பணியாற்றிய மார்த்தா ஃபோக்ட் 1954இல் மூளையின் பல்வேறு பகுதிகளில் நார்அட்ரினலின் பரவியிருக்கும் முறையை வெளியிட்டார். மூளைத் திசுவில் மிகச் சிறிய அளவில் உள்ள இப்பொருள்களை ஒளிர்வைக் கொண்டு அளக்கும் கருவியை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ராபர்ட் போமன் உருவாக்கினார். அதே நிறுவனத்தில் பிளெட்ஷர், ஷோர், பெர்னார்டு பிரோடி ஆகியோர், ரெசர்பின் பெற்ற முயலின் மூளையில் செரட்டோனின் பெரிதும் குறைவதை 1955இல் அறிவித்தனர். நடத்தையை மாற்றும் ஒரு மருந்து மூளையின் குறிப்பிட்ட வேதிப்பொருளையும் மாற்றுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்றுகளுள் இது ஒன்று.

இதன் இயங்குமுறை இன்று நன்கு விளங்கியுள்ளது. நரம்பு முனைகளில் செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகியவை நுண்பைகளில் சேமிக்கப்படுகின்றன. அப்பைகளுக்குள் அவற்றைக் கொண்டுசேர்க்கும் கடத்துப் புரதத்தை ரெசர்பின் முடக்கிவிடுகிறது. பைக்குள் செல்ல இயலாத வேதிப்பொருள்களை மோனோஅமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிதைக்கிறது. மருந்தின் பெரும்பகுதி உடலைவிட்டு நீங்கிய பின்னும் சேமிப்பு மீளப் பல நாள்கள் ஆகின்றன. இந்நொதியைத் தடுக்கும் இப்ரோனியாசிட் முன்கூட்டியே தரப்பட்டால், ரெசர்பின் பெற்ற விலங்கு மந்தமடைவதற்குப் பதில் கிளர்ச்சியடைகிறது. அதே மருந்தே நேரெதிர் நடத்தையைத் தருவதைக் காட்டிய இச்சோதனை, நடத்தை மாற்றத்துக்கு மூளை வேதிப்பொருள்களே இடைநிலைக் காரணம் என்னும் கருத்துக்கு வலுச்சேர்த்தது.

ஆயினும் சிக்கல் தீரவில்லை. செரட்டோனின் குறைவே மந்தநிலைக்குக் காரணம் என்று பிரோடி குழுவினர் கருதினர். 1956இல் ஹோல்ட்ஸ்பாவரும் ஃபோக்டும் ரெசர்பினால் நார்அட்ரினலினும் குறைவதை நிறுவினர். இரு பொருள்கள் ஒருங்கே குறையும்போது நடத்தைக்குக் காரணம் எது? ஒன்றன் அளவு குறைந்த நேரத்தில் விலங்கு அசையாதிருந்தது என்பது உடன்நிகழ்வு மட்டுமே. ஏரி வற்றிய ஆண்டில் பயிரும் கருகியது, கிணறும் வறண்டது என்றால், பயிர் கருகியதற்குக் கிணறு வறண்டதே காரணம் என்று உடனே கூறிவிட இயலாது. காரணத்தை அறிய, குறைந்தவற்றுள் ஒன்றை மட்டும் மீட்டுத் தந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் பெயர்: இயக்கக் குறை

அந்த மீட்புச் சோதனையைச் செய்தவர் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன். பிரோடியின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பணியாற்றித் தாயகம் திரும்பியிருந்த அவரும், லிண்ட்குவிஸ்ட், மாக்னுசன் ஆகியோரும் 1957இல் ‘நேச்சர்’ இதழில் சிறிய அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். நரம்புக்கடத்திகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அவற்றின் முன்னோடிப் பொருள்கள் நுழையும். செரட்டோனினின் முன்னோடியைத் தந்தபோது ரெசர்பினால் முடங்கிய விலங்குகள் எழவில்லை. நார்அட்ரினலினுக்கும் டோபமினுக்கும் முன்னோடியான டோப்பாவைத் தந்தபோது அவை எழுந்து நடமாடின. மேலும் ஆராய்ந்தபோது, எழுந்து நடந்த விலங்கின் மூளையில் நார்அட்ரினலின் மீளவில்லை, மீண்டிருந்தது டோபமின். நார்அட்ரினலின் உருவாகும் வழியில் வரும் இடைப்பொருளாக மட்டும் கருதப்பட்ட டோபமின் மூளையில் தன்னளவில் இருப்பதை 1958இல் கார்ல்சன் குழுவினர் காட்டினர். அது உடலியக்கத்தை ஒழுங்குபடுத்தும் அடித்தள நரம்பணுத்திரள்களில் செறிந்திருப்பதை 1959இல் பெர்ட்லரும் ரோசன்கிரெனும் கண்டனர்.

இதன்பின் முயலின் அசைவின்மைக்கு வேறு பெயர் கிட்டியது. அது பார்க்கின்சன் நோயாளியின் இயக்கக் குறையை ஒத்த நிலை. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதை அறிவித்தனர். 1961இல் பிர்க்மாயரும் ஹோர்னிகீவிச்சும் எல்-டோப்பாவை நோயாளிகளுக்குத் தந்து வெளியிட்டனர். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அதனை நிலையான மருத்துவமாக்க வழிவகுத்தார். கார்ல்சனின் கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1960இல் லண்டனில் சிபா அறக்கட்டளை நடத்திய கருத்தரங்கில் ஹென்றி டேல் உள்ளிட்ட மூத்த மருந்தியலாளர்கள் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைக் கார்ல்சன் பகிர்ந்துகொண்டார்.

இவ்விடத்தில் தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியைப் பதிவு செய்வது தகும். டோப்பாவின் இயற்கை வடிவத்தை 1913இல் அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு பயற்றிலிருந்து முதன்முதலில் பிரித்தவர் மார்க்குஸ் குக்கன்ஹைம். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதைகளிலிருந்து எல்-டோப்பாவைப் பிரித்து, 1937இல் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். கார்ல்சனின் முயல்கள் எழுந்து நடப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, அவற்றை எழுப்பிய பொருள் சென்னையில் தூய நிலையில் பெறப்பட்டிருந்தது. பூனைக்காலி சித்த மருத்துவர்களுக்கு நன்கு அறிமுகமான மூலிகை. அசைவை நிறுத்திய பொருள் ஓர் இந்திய வேரில் இருந்தது. அதை மீட்ட பொருள் மற்றோர் இந்திய விதையில் இருந்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் வினா 1937இல் எழ வாய்ப்பில்லை. அப்போது ரெசர்பின் பிரிக்கப்படவில்லை. மூளையில் டோபமின் உண்டு என்பதும் அறியப்படவில்லை. இது எல்லாம் முன்பே இங்கு அறியப்பட்டிருந்தது என்று உரிமை கோருவதற்கான சான்றும் ஆகாது. இந்திய ஆய்வை வரலாற்றிலிருந்து விலக்குவதற்கான காரணமும் ஆகாது. பொருள் கையில் இருப்பதும் அப்பொருளை நோக்கிய வினா பிறப்பதும் இருவேறு நிகழ்வுகள் என்பதையே இது உணர்த்துகிறது.

மூன்றாம் பெயர்: மனச்சோர்வு

1954இல் எட்வர்ட் ஃப்ரைஸ், ரெசர்பினை மிகுந்த அளவில் நெடுநாள் உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளிகள் சிலரிடம் மனச்சோர்வு தோன்றியதைப் பதிவு செய்தார். ரெசர்பின் மோனோஅமின்களைக் குறைக்கிறது, ரெசர்பின் மனச்சோர்வைத் தருகிறது, ஆகவே மோனோஅமின் குறைவே மனச்சோர்வு என்னும் தருக்கம் மெல்ல உருவாயிற்று. ஜோசப் ஷில்டுகிராட் 1965இல் வெளியிட்ட கேட்டகோலமின் கருதுகோளுக்கு இது ஒரு முதன்மைச் சான்றாக அமைந்தது. ரெசர்பினால் எலியின் இமை தாழ்வதையும் உடல்வெப்பம் குறைவதையும் தடுக்கும் பொருள்கள் மனச்சோர்வு நீக்கிகளாக இருக்கக்கூடும் என்னும் சோதனை முறையும் ஆய்வுக்கூடங்களில் பரவியது. அசையாத எலி இப்போது சோர்வுற்ற மனிதரின் மாதிரியாயிற்று.

இத்தருக்கத்துக்கு எதிரான சான்றும் தொடக்கத்திலேயே இருந்தது. லண்டனில் டேவிசும் மைக்கேல் ஷெப்பர்டும் பதட்டமும் சோர்வும் கொண்ட நோயாளிகளிடம் ரெசர்பினை வெற்று மருந்தோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 1955இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அதில் ரெசர்பின் பயன் தந்ததாகவே முடிவு அமைந்தது. பின்னர் 1971இல் குட்வினும் பன்னியும் முந்தைய அறிக்கைகளை மீளாய்வு செய்தபோது, மனச்சோர்வு எனக் குறிக்கப்பட்டவற்றுள் பல, தணிவாலும் மந்தத்தாலும் ஏற்பட்ட போலிச் சோர்வாக இருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. முதலில் சோர்வின் வரலாறு உடையவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டதும் சுட்டப்பட்டது. இயக்கம் குறைந்த மனிதரைத் துயருற்றவர் என எண்ணுவதும், இயக்கம் குறைந்த எலியைத் துயருற்ற எலி என எண்ணுவதும் ஒரே வகைத் தாவல்களே. மனிதரிடம் கேட்டு அறியலாம். எலியிடம் கேட்க இயலாது.

ஒரு நடத்தை, இரு வேதியியல்

மூன்று பெயர்களுள் எது சரி என்னும் வினாவுக்கு வேதியியல் விடை தந்துவிடும் என எதிர்பார்ப்பது இயல்பு. குளோர்புரோமசினின் வரலாறு அவ்வெதிர்பார்ப்பைத் தளர்த்துகிறது. ரெசர்பினும் குளோர்புரோமசினும் எலியின் கம்பமேறும் பழக்கத்தை ஒன்றுபோலவே தடுக்கின்றன. போதிய அளவில் தந்தால் இரண்டும் உறைநிலையை, அதாவது வைத்த நிலையிலேயே உடல் நிலைத்துவிடும் கேட்டலெப்சியைத் தருகின்றன. ஆனால் குளோர்புரோமசின் மோனோஅமின் சேமிப்பைக் குறைப்பதில்லை. 1963இல் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்டும், குளோர்புரோமசினும் ஹாலோபெரிடாலும் இக்கடத்திகளின் சிதைவுப்பொருள்களை மிகுவிப்பதைக் கண்டனர். கடத்தியை ஏற்கும் ஏற்பிகள் அடைபட்டதால் நரம்பணுக்கள் ஈடுசெய்யும் வகையில் மிகுதியாக வெளியிடுகின்றன என்று அவர்கள் விளக்கினர். ஒரு மருந்தில் செய்தி அனுப்பப்படவில்லை. மற்றொன்றில் அனுப்பப்பட்ட செய்தி பெறப்படவில்லை. வெளியே தெரிந்த நடத்தை ஒன்றே.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, நடத்தையை மட்டும் கண்டு வேதியியலை ஊகிக்க இயலாது. இரண்டாவது, வேதியியலை மட்டும் அளந்து நடத்தையின் பொருளை அறியவும் இயலாது. டோபமின் குறைவு அசைவின்மைக்குக் காரணம் என்பது மீட்புச் சோதனையால் உறுதியாயிற்று. அவ்வசைவின்மை அமைதியா, நோயா, சோர்வா என்பதை அச்சோதனை தீர்மானிக்கவில்லை. 1957ஆம் ஆண்டே இதற்குச் சான்று. அமைதியைத் தந்த மருந்துகளுக்காக வகீல், கிளைன், லபோரி, தெனிக்கேர் ஆகியோர் அமெரிக்காவின் லாஸ்கர் விருதைப் பெற்றனர். அதே ஆண்டில் கார்ல்சனின் அறிக்கை அவ்வமைதியை இயக்கக் குறையாகக் காண வழிதிறந்தது. இரு நோக்குகளும் ஒரே காலத்தில் நிலவின. இரண்டும் நோயாளிகளுக்குப் பயன் தந்தன.

கோரிமேட்டின் வகுப்பறை

இவ்வரலாறு மருத்துவக் கல்லூரிகளுக்குள் செய்முறை வகுப்பின் வழியே நுழைந்தது. ஜிப்மர் மருந்தியல் துறையில் பேராசிரியராக இருந்த எம். என். கோஷ் எழுதிய சோதனை மருந்தியல் அடிப்படைகள் குறித்த நூல், இந்திய மருத்துவ, மருந்தாக்கியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்களுக்குக் கைந்நூலாக விளங்கியது. ஒளிக்கற்றை தடைபடுவதை எண்ணி எலியின் நடமாட்டத்தை அளக்கும் ஆக்டோபோட்டோமீட்டர், சுழலும் தண்டில் எலி நிலைத்திருக்கும் நேரத்தை அளக்கும் ரோட்டாராடு, கம்பமேறும் கருவி ஆகியவை இந்தியச் செய்முறைக் கூடங்களில் நன்கு அறிமுகமானவை.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், கற்பித்தலுக்கு நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் போன்றவை போதுமானவையாக இருக்குமிடத்தில் விலங்குச் சோதனைகளைத் தவிர்க்க வேண்டும் என்னும் நெறியை முன்வைத்தது. 1998ஆம் ஆண்டு விதிகள் நிறுவனந்தோறும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கின. இச்சூழலில் ஜிப்மர் மருந்தியல் துறைப் பேராசிரியர் ஆர். இரவீந்திரன் உருவாக்கிய ‘எக்ஸ்ஃபார்ம்’ என்னும் கணினிப் பாவனை மென்பொருள் இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. தவளையின் இதயம், முயலின் கண், கினியாப்பன்றியின் குடல், நாயின் இரத்த அழுத்தம் ஆகியவற்றின் மீது மருந்துகளின் விளைவை விலங்கின்றியே மாணவர் காண அது வழிசெய்தது. 2019 முதல் நடைமுறைக்கு வந்த இளநிலை மருத்துவப் பாடத்திட்டம், இரத்த அழுத்தத்தின் மீதான மருந்து விளைவுகளைக் கணினி வழியே விளக்குமாறு கூறுகிறது. கோரிமேட்டில் தொடங்கிய முயற்சி நாடு தழுவிய நெறியோடு ஒன்றிணைந்தது.

இம்மாற்றத்தால் விலங்குகளின் துன்பம் குறைந்தது. மருந்தியல் கல்விக்கு இழப்பு ஏதுமுண்டா என்பது விரிவுரையாளர்களிடையே விவாதப் பொருள். ரெசர்பினின் வரலாறு இவ்விவாதத்துக்கு ஒரு வேறுபாட்டைத் தருகிறது. இதயத்துடிப்பும் குடற்சுருக்கமும் எண்களாகவே தோன்றுகின்றன. அவற்றைப் பாவனை செய்வது எளிது. நடத்தை அவ்வாறன்று. எலி நகராதிருந்த நொடிகள் ஓர் எண். அது அமைதி என்பது ஒரு தீர்ப்பு. பாவனைத் திரையில் எலி அசையாமல் நிற்கும்போது, திரையின் ஓரத்தில் ‘தணிவு’ என்னும் சொல் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், மாணவர் தீர்ப்பை உற்றுநோக்கலாகப் பெற்றுவிடுகிறார். உயிருள்ள எலியை வைத்து நடத்தப்பட்ட பழைய வகுப்பிலும் இதே குறை இருந்தது. செய்முறைக் குறிப்பேட்டில் ‘விலங்கு தணிவுற்றது’ என எழுதிய மாணவர்களில், ‘இமைகள் தாழ்ந்தன; தொட்டபோது விலகியது; தானாக நகரவில்லை’ என எழுதும் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்பது எண்ணத்தக்கது.

ஆகவே விலங்கா கணினியா என்னும் தேர்வைவிட, கண்டதையும் பெயரிட்டதையும் தனித்தனியே எழுதும் பயிற்சி முதன்மையானது. குறிப்பேட்டில் உற்றுநோக்கலுக்கு ஒரு பத்தியும் விளக்கத்துக்கு வேறொரு பத்தியும் ஒதுக்குவது, கூடுதல் செலவின்றி எந்தத் துறையும் செய்யக்கூடிய சீர்திருத்தம். அதே உற்றுநோக்கலை அமைதி, இயக்கக் குறை, மனச்சோர்வு என்னும் மூன்று பெயர்களாலும் விளக்கச் செய்து, ஒவ்வொன்றையும் சோதிக்க என்ன மீட்புச் சோதனை தேவை என மாணவரைக் கேட்டால், மருந்தியல் வரலாறு செய்முறையின் பகுதியாகிவிடும். அதற்கு ஒரு விலங்கின் உயிர்கூடத் தேவையில்லை. அவ்விலங்குகள் 1950களிலேயே தம் பங்கைச் செலுத்திவிட்டன.

முடிவுரை

மருந்து மூளை வேதியியலை மாற்றுகிறது என்பது அளவீட்டால் அறியப்பட்டது. அம்மாற்றமே நடத்தை மாற்றத்துக்குக் காரணம் என்பது மீட்புச் சோதனையால் அறியப்பட்டது. அந்நடத்தைக்கு என்ன பெயர் என்பது மட்டும் ஆய்வாளரின் எதிர்பார்ப்பு, நோயாளியின் தேவை, மருந்து நிறுவனத்தின் நோக்கம், காலத்தின் கருதுகோள் ஆகியவற்றால் அமைந்தது. சர்ப்பகந்தி தரப்பட்ட விலங்கின் அசைவின்மை மூன்று பெயர்களைப் பெற்றதில் பிழை இல்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு மருத்துவப் பயனுக்கு இட்டுச்சென்றது. பெயரை உற்றுநோக்கலாகக் கொண்டதே பிழைக்கு இடமளித்தது. மனச்சோர்வு பற்றிய கருதுகோள் வலுவற்ற சான்றின்மீது எழுப்பப்பட்டதற்கு அதுவே காரணம்.

பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்து, இந்திய மருந்தியலின் முதன்மை மையங்களுள் ஒன்றாக வளர்ந்த கோரிமேடு, விலங்கிலிருந்து கணினிக்கு நகரும் மாற்றத்திலும் முன்னின்றது. நடத்தை மருந்தியலைக் கற்பிக்கும் முறையிலும் அத்தகைய முன்முயற்சி தேவைப்படுகிறது. சென்னையில் பூனைக்காலி விதையை ஆராய்ந்தவர்களுக்குக் கிட்டாத வினா, இன்று குறிப்பேட்டைத் திறக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கிட்டியிருக்கிறது. அவ்விலங்கு என்ன செய்தது என்பதை முதலில் எழுதி, அதற்கு என்ன பெயர் என்பதை அதன்பின் கேட்கும் பழக்கமே இவ்வரலாறு விட்டுச்சென்றிருக்கும் பாடம்.